அந்த எண்ணில் எத்தனை இலக்கம் என்று பாருங்கள்

மதுரையை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார் ஸ்டீரியோ, ஒயரிங் வேலையில் தொடங்கியவர் அவர். எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கூலித் தொழிலாளி நூலிழையில் தப்பியதைப் பார்த்தபின், 2017 ஆயுத பூஜை நேரத்தில் அந்த வண்டிக்கே ஒரு கேமரா செட் கட்டிக் கொடுத்தார். பின்னால் ஒரு கேமரா, இடப்பக்கம் ஒரு கேமரா, டேஷ்போர்டில் ஏழு இஞ்ச் டிஸ்ப்ளே. ரிவர்ஸ் கியர் போட்டால் பின்பக்கக் காட்சி வரும். இடது இண்டிகேட்டர் போட்டால் இடப்பக்கக் காட்சி திரை முழுக்க வரும். அதிலிருந்து மினிபஸ், பள்ளி வேன், டிப்பர் என்று நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குப் பொருத்திவிட்டார். 2023 முதல் இன்னொரு சரக்கும் விற்கிறார். நான்கு கேமராக் காட்சிகளையும் ஒட்டி, வண்டியை மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும் 360 டிகிரி கிட். இதை அவர் செய்வதில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கிப் பொருத்துகிறார்.

இப்போது வெளிமாநில நிறுவனம் ஒன்றின் வக்கீலிடமிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘எங்கள் காப்புரிமை பெற்ற வாகனக் கேமரா மற்றும் காட்சித்திரை அமைப்பை’ அவர் நகலெடுத்துவிட்டாராம். 15 நாளில் விற்பனையை நிறுத்த வேண்டும், சரக்கை ஒப்படைக்க வேண்டும், 18 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், தவறை ஒப்புக்கொண்டு முத்திரைத் தாளில் கையெழுத்திட வேண்டும். நோட்டீஸில் ஓர் அமெரிக்க எண்ணும் ஓர் இந்திய எண்ணும் உள்ளன. விஷயம் கசிந்து, 22 வேன்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்த பள்ளி நிர்வாகம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டது.

“வக்கீலம்மா, போலீஸ் வருமா? கடையை மூடணுமா? நான் முதலில் செய்ததை இன்னொருத்தர் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?” என்று கேட்கிறார். மகனைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

இந்தப் பதில் அச்சாவதற்குள் 15 நாள் கெடு முடிந்துவிடும் என்பதால், ‘நோட்டீஸ் கிடைத்தது, ஆவணங்களைப் பார்த்துப் பதில் தர 30 நாள் அவகாசம் வேண்டும்’ என்று ஒரு வரி அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. அந்தக் கெடு அவர்களாக வைத்த கெடுதான், நீதிமன்றம் வைத்தது இல்லை. ஆனாலும் பதிலே சொல்லாமல் இருந்தால் பிற்பாடு உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள்.

போலீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். காப்புரிமை மீறல் இந்தியாவில் முழுக்க சிவில் விவகாரம். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் மீறலுக்குச் சிறை கிடையாது. போலீஸ் உங்கள் பட்டறைக்குள் வந்து சரக்கை அள்ள வழியில்லை. திருட்டு சிடி ரெய்டும் போலி பிராண்டு ரெய்டும் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. அவை பதிப்புரிமை, வணிகச் சின்னம் சம்பந்தப்பட்டவை, அவற்றில் குற்ற வழக்கு உண்டு. அதனால் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். இறக்குமதி டப்பாக்களில் வேறு ஏதாவது கார் நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அந்தச் சரக்கை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அது வேறு பிரச்சினை, அங்கே போலீஸ் வரலாம்.

பன்னிரண்டா, ஆறா?

நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தை எடுங்கள். இந்திய எண் என்று போட்டிருக்கிறார்களே, அதில் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு இருக்கும். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைக்கு ஆறு இலக்கம்தான். பன்னிரண்டு இலக்கம் என்றால் அது விண்ணப்ப எண். முதல் நான்கு இலக்கம் விண்ணப்பித்த ஆண்டு, இங்கே 2021. அடுத்த இலக்கம் எந்த அலுவலகம் என்று சொல்லும், 4 என்றால் சென்னை, அதாவது கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம். அதற்கடுத்து இருக்கும் 7, வெளிநாட்டில் தொடங்கிய சர்வதேச விண்ணப்பம் இந்தியாவுக்குள் வந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த எண்ணைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். நானும் பார்த்தேன். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் கொடுத்த நிலையில் விண்ணப்பம் நிற்கிறது, இன்னும் வழங்கப்படவில்லை. ‘காப்புரிமை பெற்ற’ என்று நோட்டீஸ் சொல்வது, இந்தியாவைப் பொறுத்தவரை, இன்றைய தேதியில் உண்மை இல்லை.

அதற்காக நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். சட்டத்தின் 11ஏ பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. காப்புரிமை வழங்கப்படும் வரை மீறல் வழக்கே போட முடியாது. ஆனால் வழங்கப்பட்டுவிட்டால், விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியான தேதியிலிருந்தே உரிமை கணக்காகும். இன்றைக்கு அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. நாளை அவிழ்ந்தால் பின்தேதியிட்டுக் கேட்கலாம்.

அமெரிக்க எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காப்புரிமை அந்தந்த நாட்டோடு நிற்பது. கேமராக் காட்சி அமைப்புகளுக்காக மேக்னா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வேலியோ மீது 2013-இல் மிச்சிகனில் வழக்குப் போட்டது. அங்கே இது பெரிய கம்பெனிகள் மோதிக்கொள்ளும் களம். நீங்கள் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பாதவரை அந்த நாட்டுக் காப்புரிமை திருமங்கலம் டோல்கேட்டைத் தாண்டி உங்கள் பட்டறைக்கு வராது.

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள்

‘வாகனக் கேமரா மற்றும் காட்சித்திரை அமைப்பு’ என்ற தலைப்பைப் படித்ததும், கேமராவும் டிஸ்ப்ளேயும் வைத்த எல்லாமே அவர்களுடையது என்று நினைத்துவிட்டீர்கள். அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பத்திரத்தின் தலைப்பில் ‘நிலம்’ என்று இருந்தால் ஊர் நிலமெல்லாம் அவருடையதாகிவிடுமா? நான்கு எல்லை எது என்று பார்ப்போம் இல்லையா? காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் வரிசை எண் போட்டு வரும் கோரிக்கைகள்தான் அந்த நான்கு எல்லை. க்ளெய்ம் என்பார்கள்.

அவர்களுடைய முதல் கோரிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு உறுப்புகள் இருக்கின்றன. வண்டியின் நாலு பக்கமும் கேமரா. அந்தக் காட்சிகளை ஒரே மேல்பார்வைப் படமாக ஒட்டும் செயலி. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்ற சிக்னலை வைத்துப் பார்வைக் கோணத்தைத் தானாக மாற்றுவது. வண்டி போகப்போகும் தடத்தைப் படத்தின் மேல் வரைந்து டிஸ்ப்ளேயில் காட்டுவது. பொதுவாக ஒரு பொருள் இந்த நான்கையும் கொண்டிருந்தால்தான் மீறல். ஒன்று இல்லையென்றால் வலுவான பதில் உண்டு. சின்ன மாற்றம் செய்து தப்பிக்கப் பார்க்கிறாரா, சாரத்தையே எடுத்துக்கொண்டாரா என்றும் நீதிமன்றம் பார்க்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இனி நீங்கள் கட்டும் செட்டை இதன் பக்கத்தில் வையுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு கேமரா. படங்களை ஒட்டும் செயலி கிடையாது. இண்டிகேட்டர் லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு டேப் எடுத்து டிஸ்ப்ளேயின் டிரிகர் ஒயரில் கொடுக்கிறீர்கள். பன்னிரண்டு வோல்ட் வந்தால் காட்சி மாறுகிறது, போனால் பழைய காட்சி. (இருபத்து நாலு வோல்ட் டிப்பருக்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைக்கிறீர்கள் என்று படத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.) நான்கு உறுப்புகளில் டிஸ்ப்ளே ஒன்றுதான் பொதுவாக இருக்கிறது. இந்தச் செட்டுக்கு அவர்களின் கோரிக்கை எட்டாது என்பது என் கருத்து.

2017-இன் பில் புத்தகம்

அவர்களது விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி, அதாவது வெளிநாட்டில் முதன்முதலில் விண்ணப்பித்த தேதி, 2018 நவம்பர் என்று பதிவில் இருக்கிறது. புதுமையா இல்லையா என்பதை அந்தத் தேதியை வைத்துத்தான் அளப்பார்கள். உங்கள் முதல் செட் 2017 செப்டம்பர் கடைசியில் ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் முந்தியது.

“நான்தானே முதலில் செய்தேன்” என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில். முதலில் செய்ததால் மட்டும் காப்புரிமை உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் முன்னுரிமைத் தேதிக்கு முன்பே இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்த ஒன்றுக்கு இன்னொருவரும் காப்புரிமை வாங்க முடியாது. தவறி வாங்கினாலும் 64-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். 1913-இல் இங்கிலாந்தில் ஜில்லெட் சவரக் கத்தி வழக்கில் பிரபுக்கள் சபை சொன்ன வாதம் இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுபடுகிறது. நான் செய்வது பழசு. உன் கோரிக்கை இதையும் உள்ளடக்கும் என்றால் உன் காப்புரிமை செல்லாது. உள்ளடக்காது என்றால் நான் மீறவில்லை. இரண்டில் எதுவானாலும் உங்களுக்குச் சரிதான்.

ஆனால் உங்கள் 2017 பில்லின் நகலைப் பார்த்தபோது எனக்குக் கவலை வந்தது. ‘கேமரா செட் 1, லேபர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எத்தனை கேமரா, இண்டிகேட்டரோடு இணைத்ததா, திரை எப்படி மாறும், எதுவும் அதில் இல்லை. தேதிக்கு அந்தப் பில் போதும். ஜிஎஸ்டி அந்த ஜூலையில்தான் வந்தது, உங்கள் ரிட்டர்னோடு அது பொருந்தினால் தேதியை யாரும் சந்தேகிக்க முடியாது. பொருள் என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டும். டிப்பர் முதலாளியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். வண்டி இன்னும் ஓடுகிறது என்றால் அதன் ஒயரிங்கைப் பிரிக்காமல் போட்டோ எடுங்கள், ஒரு மெக்கானிக்கை சாட்சியாக வையுங்கள். அந்த மாதம் கேமரா, டிஸ்ப்ளே வாங்கிய பில்களைத் தேடுங்கள். 2018 ஜனவரியில் யூடியூபில் போட்ட வீடியோதான் இருப்பதிலேயே பெரிய சான்று. அதில் இண்டிகேட்டரைப் போட்டதும் திரை மாறுவது தெளிவாகத் தெரிகிறது. அதை எடிட் செய்யாதீர்கள், நீக்கிவிட்டு நல்ல தரத்தில் மறுபடி ஏற்றாதீர்கள், ஏற்றிய தேதி போய்விடும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

360 டிகிரி கிட் வேறு கதை

இதுவரை சொன்ன தைரியம் உங்கள் சொந்தச் செட்டுக்கு. ரிச்சி தெருவிலிருந்து வாங்கிப் பொருத்தும் கிட்டைப் பற்றி அதே தைரியத்தில் நான் பேச முடியாது. நான்கு கேமரா இருக்கிறது, ஒட்டும் செயலி இருக்கிறது. மீதி இருப்பது ஸ்டீயரிங் சிக்னல். டப்பாவில் வரும் கேன்பஸ் பாக்ஸை (வண்டியின் உள் சிக்னல்களைப் படிக்கும் பெட்டி) வண்டியின் ஒயரிங்கோடு இணைத்தால் கிட் ஸ்டீயரிங் கோணத்தைப் படிக்கும், கோடும் வளையும். பழைய வேன்களில் அதை இணைப்பதில்லை, புது கார்களில் இணைக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புது கார்களில் பொருத்தியவை அந்தக் கோரிக்கைக்கு மிக அருகில் போகின்றன. இணைக்காத வண்டிகளில்கூட, முழுப் பொருளையும் நீங்கள்தானே விற்றீர்கள் என்று வாதிடலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. நாலு கேமராக் காட்சியை ஒட்டி மேல்பார்வை காட்டுவது 2018-இல் பிறந்த யோசனை இல்லை. நிஸ்ஸான் 2007-லேயே அதைக் காரில் வைத்து விற்றது. பின்பக்கக் கேமரா அதைவிடப் பழசு, 1956-இல் ப்யூக் நிறுவனம் ஒரு மாதிரிக் காரில் கண்ணாடிக்குப் பதில் டிவி கேமராவே வைத்துக் காட்டியது. ஆகவே அவர்கள் புதிதாகச் சேர்த்தது என்ன, ஏற்கெனவே இருந்ததிலிருந்து ஒரு தொழில்நுட்பர் சுலபமாகப் போய்ச்சேரக்கூடியதா என்பதுதான் கேள்வி. 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பித்தளைப் பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஓர் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை அது, மிர்சாபூர் பாத்திரத் தொழில் சம்பந்தப்பட்டது. பட்டறையில் வேலை தெரிந்தவர் செய்யும் சாதாரண மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லி, அதை ரத்து செய்த முதல் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் 25-ஆம் பிரிவில் எதிர்ப்பு மனு போடலாம். வழங்கப்பட்ட பிறகு என்றால் சம்பந்தப்பட்டவர் மட்டும், அதுவும் வழங்கியது இதழில் வெளியான ஓராண்டுக்குள். காப்புரிமை முகவர் ஒருவரை வைத்து 2018-க்கு முந்தைய ஆவணங்களைத் தேடச் சொல்லுங்கள். அந்தச் செலவு வழக்குச் செலவில் ஒரு சிறு பங்குதான். உங்களைப் போலவே நோட்டீஸ் வாங்கிய கடைக்காரர்கள் வேறு ஊரிலும் இருப்பார்கள், சேர்ந்து செய்யலாம்.

அதுவரை 360 கிட்டை என்ன செய்வது? புது ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வையுங்கள் என்பேன். நோட்டீஸ் வருவதற்கு முன் விஷயமே தெரியாது என்று நிரூபித்தால் அந்தக் காலத்துக்கு இழப்பீடு கிடையாது என்று 111-ஆம் பிரிவு சொல்கிறது. டப்பாவில் ‘பேட்டன்டட்’ என்று வெறுமனே அச்சிட்டிருந்தால் மட்டும் உங்களுக்குத் தெரியும் என்று ஆகிவிடாது, எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் நோட்டீஸ் கையில் வந்த நாளோடு அந்தக் கவசம் முடிந்தது. இனி விற்கும் ஒவ்வொரு கிட்டும் தெரிந்து விற்றதாகத்தான் கணக்கு. பள்ளி வேன்களுக்கு உங்கள் சொந்தச் செட்டையே கொடுங்கள். பிள்ளைகள் ஏறி இறங்கும் இடப்பக்கமும் பின்பக்கமும்தானே அவர்களுக்குத் தெரிய வேண்டும்? அதற்கு அது போதும்.

மச்சான் சொன்ன மூன்று யோசனைகள்

உங்கள் மச்சான் மூன்று யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மூன்றும் சரிப்படாது.

‘பத்து சதவீதம் மாற்றிவிட்டால் காப்புரிமை பொருந்தாது.’ இப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊர் ஊராக இதை நான் கேட்டுவிட்டேன். கோரிக்கையின் ஒரு முக்கிய உறுப்பு உங்கள் பொருளில் உண்மையிலேயே இல்லாமல் இருக்க வேண்டும். டப்பாவின் நிறம், திரையின் அளவு எல்லாம் கணக்கில் வராது.

‘பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டி வாங்கினோம், பொறுப்பு விற்றவனுக்கு.’ செய்வது, பயன்படுத்துவது, விற்பது, விற்பனைக்கு வைப்பது, இறக்குமதி செய்வது, எல்லாமே 48-ஆம் பிரிவில் காப்புரிமைதாரரின் தனி உரிமை. பில் இருந்தாலும் விற்றவர் நீங்கள்தான். இறக்குமதியாளரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்: உற்பத்தியாளருக்கு உரிமம் இருக்கிறதா, எனக்கு இழப்பு வந்தால் ஈடு செய்வீர்களா? அவர் பதில் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கும்.

‘கடையை மூடிவிட்டு தங்கச்சி பேரில் புதுக் கடை.’ இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பல வருடங்களுக்கு முன் இதே போல நோட்டீஸுக்குப் பயந்து மனைவி பெயருக்கு மாற்றிய ஒரு பம்ப்செட் தொழில்காரரின் வழக்கை நான் நடத்தினேன். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் பெயர் மாற்றிய தேதியைப் பார்த்த பிறகு அவர் சொன்ன எதையும் நம்ப வைப்பது பெரும்பாடாகிவிட்டது. உங்கள் வீட்டம்மாவையும் சேர்த்து வழக்கில் இழுத்துவிடுவீர்கள். எட்டு வருடமாக நேர்மையாக வைத்திருக்கும் பில் புத்தகம் உங்களிடம் இருக்கிறது, அதைப் பாழாக்க வேண்டாம்.

பதில் எழுதும்போது

முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. ‘மீறினேன்’ என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் இத்தனை வாதமும் வீண். பதிலை வக்கீல் வழியாக அனுப்புங்கள். சொந்தச் செட்டும் 360 கிட்டும் வேறு வேறு பொருள்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். எந்தக் கோரிக்கையின் எந்த உறுப்பு எந்தப் பொருளில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்படி அவர்களிடம் கேளுங்கள். இந்தியாவில் வழங்கப்படாத காப்புரிமையை வழங்கப்பட்டதாக எழுதியதைச் சுட்டிக்காட்டுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டியவர் மீது 106-ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். காப்புரிமை வைத்திருப்பவர், விண்ணப்பம் மட்டும் வைத்திருப்பவர், இருவருக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். ‘இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது’ என்று வெறுமனே தெரிவிப்பது மிரட்டல் ஆகாது. 18 லட்சம் கொடு, சரக்கை ஒப்படை என்பது வெறும் தகவல் இல்லை.

அவர்கள் திடீரென்று வழக்குப் போட்டு உங்களைக் கேட்காமலே தடை வாங்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் கேவியட் (‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும், முடிந்ததும் புதிதாகப் போட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வந்து, நீங்கள் ‘காப்புரிமையே செல்லாது’ என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். அங்கே 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது.

தடை என்பது கேட்டதும் கிடைப்பதும் இல்லை. டிவிஎஸ் பற்றி மதுரைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2007-இல் இரட்டை ஸ்பார்க் பிளக் என்ஜின் சம்பந்தமாக பஜாஜுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதல் வந்தது. டிவிஎஸ் காத்திருக்கவில்லை. நான் மேலே சொன்ன 106-ஆம் பிரிவில் அதுவே வழக்குப் போட்டது. 2008-இல் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை விதித்தார், 2009-இல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கைத் துல்லியமாக வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. கடைசியில் 2019-இல் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டார்கள். பன்னிரண்டு வருடம்! அவ்வளவு பெரிய கம்பெனிகளே கடைசியில் பேசித்தான் முடித்தார்கள் என்பதை உங்களுக்காகச் சொல்கிறேன். 360 கிட் விஷயத்தில் நியாயமான தொகைக்கு உரிமம் தருகிறார்களா என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அவர்களும் ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க உழைத்திருக்கலாம். ஆனால் உரிம ஒப்பந்தத்தில் ‘இந்தக் காப்புரிமையை எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டேன்’ என்று ஒரு வரி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நிபந்தனை 140-ஆம் பிரிவின்படி செல்லாது.

உங்கள் மகன்

இண்டிகேட்டர் போட்டால் திரை மாறும் உங்கள் முறைக்கு இப்போது காப்புரிமை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 2017 முதல் ரோட்டில் ஓடுகிறது, வீடியோவும் போட்டாயிற்று. அவர்களைத் தடுக்கும் அதே சான்று உங்களையும் தடுக்கும். வருத்தமாகத்தான் இருக்கும். அன்றைக்கே யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், நடவு வயலில் டிராக்டரின் பின்கேமரா லென்ஸில் சேறு அப்பிக்கொள்வதைத் தானே துடைத்துக்கொள்ளும் ஒன்றை மகன் செய்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் பட்டறையைவிட்டு வெளியே போகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பைப் பற்றிய முதல்கட்ட விளக்கம்) விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். அதன்பிறகு முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் இருக்கிறது. அது நிஜமாகவே புதுசா என்று முகவர் தேடிச் சொல்லட்டும். வெளியில் காட்ட வேண்டியிருந்தால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டட்டும்.

வரும் நடவுக்கு உசிலம்பட்டியில் ஒருவருடைய டிராக்டரில் பொருத்தி வீடியோ எடுக்கலாம் என்று மகன் திட்டம் வைத்திருக்கிறாராம். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை டிராக்டரும் போக வேண்டாம், வீடியோவும் வேண்டாம் என்று தம்பியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.